ஒரு கிழங்கும் பல நாட்டு அடுப்புகளும்

உலக நாடுகளின் உணவுகள் என்றதும் எம்மில் பலருக்கு நகரத்து உணவு விடுதிகளே நினைவுக்கு வருகின்றன. விலை கூடிய இறைச்சி வகைகளும், பெயரை உச்சரிக்கவே சிரமமான இனிப்புப் பண்டங்களும் அங்கே பரிமாறப்படுகின்றன. ஆனால் உலகின் ஏழை எளிய மக்கள் நாளாந்தம் விரும்பி உண்ணும் உணவுகள் இவையல்ல. அவர்களுடைய அடுப்புகளில் வேகுபவை பெரும்பாலும் கிழங்குகளும் தானியங்களும் இலைகளுமே. அவற்றை எவ்வாறு சுவையாகவும் சத்தாகவும் பாதுகாப்பாகவும் ஆக்குவது என்ற அறிவைப் பல தலைமுறைப் பெண்கள் சேர்த்து வைத்திருக்கின்றார்கள்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது எமது வீட்டு வேலியோரங்களில் நிற்கும் ஒரு பயிரை. அதுதான் மரவள்ளி. பிரேசில், நைஜீரியா, மொசாம்பிக், ஜாவா ஆகிய இடங்களின் மக்கள் இதே கிழங்கை எப்படிச் சமைக்கின்றார்கள் என்பதைப் பார்ப்போம். நாமும் செய்து பார்க்கக்கூடிய சில செய்முறைகளையும் தருகின்றோம். சுவைக்காக மட்டும் இதை எழுதவில்லை. மரவள்ளியைப் பொறுத்தவரை, சமையல் முறை தெரிந்த ஊரில் அது பசியைப் போக்கியிருக்கின்றது. முறை தெரியாமலோ, முறையைக் கடைப்பிடிக்க வழியில்லாமலோ போன ஊரில் அதே கிழங்கு மக்களை முடமாக்கியிருக்கின்றது. சில இடங்களில் உயிரையும் பறித்திருக்கின்றது.

கிழங்கு எம்மிடம் வந்த வழி

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசன் நதிப் படுகையின் தென்பகுதியில் வாழ்ந்த ஆதிக்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டுச் செடியாயிருந்த இதனைப் பயிராக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பிரேசிலில் இருந்து மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு இதைக் கொண்டு சென்றார்கள். அடிமை வியாபாரக் கப்பல்கள் ஓடிய அதே கடல்வழியில்தான் இக்கிழங்கும் பயணம் செய்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இலங்கைக்கு மரவள்ளி 1786ஆம் ஆண்டளவில் மொரீசியஸ் தீவிலிருந்து, ஒல்லாந்த ஆளுநர் வன் டி கிராப் காலத்தில் கொண்டுவரப்பட்டது எனக் கூறப்படுகின்றது. தென்னிந்தியாவில், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா இதன் செய்கையை ஊக்குவித்தார். இன்று கேரளத்தில் கப்பையும் மீன்கறியும் இல்லாத ஊர் இல்லை. தமிழ்நாட்டின் சேலம் பகுதியில் 1940களில் தொடங்கிய சவ்வரிசித் தொழிலும் மரவள்ளி மாவையே மூலப்பொருளாகக் கொண்டது. மரவள்ளியை ஏழைகளின் கிழங்கு என்று ஒதுக்குபவர்களும் விசேட நாட்களில் பாயாசத்தில் அதையே உண்கின்றார்கள்!

எமது நாட்டில் நெருக்கடி வந்த போதெல்லாம் மக்கள் மரவள்ளியிடமே திரும்பியிருக்கின்றார்கள். 1970களின் முற்பகுதியில் அரிசிக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலத்தை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூருவார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கும் அளவுக்கு நிலைமை மோசமடைந்தது. அக்காலத்தில் வெற்றுக் காணிகளில் எல்லாம் மரவள்ளித் தடிகள் நாட்டப்பட்டன. வறண்ட மண்ணிலும் வளரும், பசளை அதிகம் கேட்காது, தேவையான போது கிண்டி எடுக்கலாம் என்பன இதன் பெருஞ் சிறப்புகள்.

கிழங்கினுள் இருப்பது என்ன?

செய்முறைகளுக்குப் போகுமுன் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். மரவள்ளியின் கிழங்கிலும் இலையிலும் லினமரின் என்ற ஒரு பொருள் உண்டு. அதே செடியில், ஆனால் கலத்தின் வேறொரு பகுதியில், லினமரேஸ் என்ற நொதியம் இருக்கின்றது. செடி முழுமையாக இருக்கும்வரை இவை இரண்டும் சந்திப்பதில்லை. பூச்சியோ எலியோ கடிக்கும்போது, அல்லது நாம் துருவும்போதும் இடிக்கும்போதும், கலங்கள் உடைந்து இரண்டும் ஒன்று சேருகின்றன. அப்போது ஐதரசன் சயனைட்டு என்ற கொடிய நஞ்சு வெளிப்படுகின்றது. செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதம் இது.

இந்த நஞ்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே அது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். நீரிலும் எளிதில் கரையும். ஆகவே, துருவுதல், இடித்தல், ஊறவைத்தல், புளிக்கவைத்தல் என எந்த வழியிலாவது கிழங்கின் கலங்களை உடைத்து, நஞ்சை வெளிவரச் செய்து, காற்றோடும் நீரோடும் போகவிட்டால் எஞ்சுவது நல்ல உணவு. உலகெங்கும் உள்ள மரவள்ளிச் சமையல் முறைகள் அனைத்தும் இந்த ஒரே விதியைத்தான் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன. இரசாயனவியல் தெரியாத மக்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்பது வியப்புக்குரியது.

மரவள்ளியில் நஞ்சு குறைந்த இனிப்பு வகைகளும், நஞ்சு கூடிய கசப்பு வகைகளும் உள்ளன. இனிப்பு வகைகளைத் தோல் உரித்து நன்றாக அவித்தால் போதும். கசப்பு வகைகளை வெறுமனே அவித்து உண்ண முடியாது. அப்படியாயின் கசப்பு வகையை ஏன் நடுகின்றார்கள் என்று கேட்கலாம். எலியும் பன்றியும் குரங்கும் அதைத் தொடுவதில்லை. நிலத்தில் விட்டு வைத்தால் திருடப்படுவதும் குறைவு. பஞ்ச காலத்துக்கென்று நிலத்தினுள்ளேயே சேமித்து வைக்கக்கூடிய பண்டம் அது.

பிறந்த மண்ணில்: அமேசன் மக்களின் பிழிகுழாய்

அமேசன் பகுதியின் ஆதிக்குடிப் பெண்கள் கசப்பு மரவள்ளியைத் துருவி, ‘திபிதி’ என்ற நீண்ட பின்னல் குழாயினுள் அடைக்கின்றார்கள். எமது ஊரில் கடகம் பின்னுவதுபோல நாரினால் பின்னப்பட்ட குழாய் அது. மேல் நுனியை ஒரு வளையில் கட்டித் தொங்கவிட்டு, கீழ் நுனியைப் பாரம் கொடுத்து இழுக்கும்போது குழாய் நீண்டு ஒடுங்கும். உள்ளிருக்கும் துருவல் நெருக்கப்பட்டு நச்சு நீர் முழுவதும் பிழிந்து வெளியேறும். எஞ்சிய துருவலை அரித்து, பெரிய தட்டில் வறுத்தால் ‘பரின்யா’ என்ற குறுணல் மா கிடைக்கின்றது. பிரேசில் மக்கள் அவரைக் கறிக்கும் மீனுக்கும் மேலே இதைத் தூவி உண்கின்றார்கள். எமக்குச் சம்பல் எப்படியோ அப்படி அவர்களுக்கு இது.

பிழிந்த நீரையும் அவர்கள் வீசுவதில்லை. அதைத் தெளியவிட்டு, அடியில் படியும் மாவைப் பிரித்தெடுத்து, மேல் நீரைப் புளிக்கவைத்து நீண்ட நேரம் கொதிக்கவிடுகின்றார்கள். நஞ்சு நீங்கிய அந்த மஞ்சள் நிற நீர் ‘துகுபி’ எனப்படும். பெலேம் நகரில் தாராக் கறி இதில்தான் சமைக்கப்படுகின்றது. கயானாவில் அதே சாற்றைக் கறுத்துத் தடிக்கும்வரை காய்ச்சி, நத்தார் நாளுக்குரிய இறைச்சிக் கறியில் சேர்க்கின்றார்கள். இலையை அரைத்துப் பல நாட்கள், சில வீடுகளில் ஒரு வாரம் வரையும், தொடர்ந்து கொதிக்கவைத்துச் செய்யும் ‘மனிசோபா’ என்ற கறியும் பிரேசிலின் வடபகுதியில் திருவிழா உணவாகும். நஞ்சு நிறைந்த சாற்றைக்கூட விருந்தாக மாற்றிய மக்கள் இவர்கள்.

கியூபா, ஹெயிற்றி, டொமினிக்கன் குடியரசு, ஹொண்டுராஸ், வெனிசுவேலா ஆகிய நாடுகளில் பிழிந்த துருவலைத் தட்டையாகப் பரப்பிச் சுட்டு, ‘கசாபே’ என்ற மெல்லிய றொட்டி செய்யப்படுகின்றது. ஈரம் படாமல் வைத்தால் இது மாதக்கணக்கில் பழுதடையாது. 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் கசாபே செய்யும் அறிவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

மேற்கு ஆபிரிக்கா: ‘காரி’ என்னும் வறுத்த குறுணல்

இன்று உலகில் மிகக் கூடுதலான மரவள்ளியை விளைவிக்கும் நாடு நைஜீரியா. அங்கும், கானா, பெனின், டோகோ ஆகிய நாடுகளிலும் மக்களுக்கு மிகவும் விருப்பமான உணவு ‘காரி’. 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் இருந்து விடுதலை பெற்றுத் தாய்மண் திரும்பிய அடிமை மக்களும் இம்முறையைப் பரப்பினார்கள் என்பர். கிழங்கு முன்னரே வந்துவிட்டது. அதைப் பதப்படுத்தும் கைவண்ணம் பின்னர் வந்து சேர்ந்தபோதுதான் பயிர் வேகமாகப் பரவியது.

காரி செய்யும் முறை இது:

1. புதிதாகக் கிண்டிய கிழங்கு 10 கிலோ எடுத்துத் தோலை முற்றாக உரித்துக் கழுவுக.

2. நன்றாகத் துருவுக. ஆணியால் துளையிட்ட தகரத் துண்டு ஒன்றைப் பலகையில் அறைந்தால் அதுவே நல்ல துருவி.

3. துருவலைச் சாக்கில் இட்டு இறுகக் கட்டி, மேலே பாரமான கற்களை ஏற்றி 2 அல்லது 3 நாட்கள் விடுக. புளித்த நீர் வடிந்துகொண்டேயிருக்கும். மிருகங்கள் குடிக்காத இடமாகப் பார்த்து அதை வடிய விடவேண்டும்.

4. இறுகிய கட்டிகளை உதிர்த்து அரிதட்டினால் அரித்துத் தும்பை நீக்குக.

5. அகன்ற தாச்சியில், மெல்லிய நெருப்பில், அகப்பையால் இடைவிடாது கிளறி, மொறுமொறுப்பாகும்வரை வறுக்குக. புகையும் ஆவியும் எழுவதால் இதைத் திறந்த வெளியில் செய்வதே நல்லது.

ஏறத்தாழ 2 கிலோ காரி கிடைக்கும். ஆறியபின் காற்றுப் புகாத தகரத்தில் இட்டால் பல மாதங்கள் இருக்கும். கிண்டிய கிழங்கு 2, 3 நாட்களில் கறுத்துப் பழுதாகிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும்.

உண்ணும்போது, கொதித்த நீரை இறக்கி, காரியைத் தூவிக் கிண்டினால் களிபோலத் திரளும். இதற்கு ‘எபா’ என்று பெயர். கையால் உருட்டி, கீரை அல்லது மீன் குழம்பில் தோய்த்து உண்பார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் குளிர்ந்த நீரில் காரியை ஊறவிட்டு, சீனியும் கச்சானும் சேர்த்துக் குடிப்பதும் உண்டு. எமது கருவாட்டுக் குழம்பும் எபாவும் நன்றாகப் பொருந்தும்.

அயல்நாடான ஐவரி கோஸ்டில் புளித்த துருவலைச் சிறு மணிகளாக உருட்டி நீராவியில் அவிக்கின்றார்கள். ‘அத்தியேக்கே’ எனப்படும் இவ்வுணவு எமது பிட்டைப் போன்றது. பொரித்த மீனும் வெங்காயமும் தக்காளியும் சேர்த்து உண்பார்கள். இதன் செய்முறையும் 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது.

மொசாம்பிக்: இலையும் ஒரு கறி

மரவள்ளிக் கிழங்கில் மாப்பொருள் நிறைய உண்டு. புரதமோ நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்குதான். ஆனால் இலையில் புரதம் அதைவிடப் பல மடங்கு அதிகம். விற்றமின் ஏ, சீ ஆகியவற்றைத் தரும் சத்துகளும் உண்டு. கொங்கோ நாட்டில் இலையை இடித்துச் செம்பனை எண்ணெயில் சமைக்கும் ‘பொண்டு’ வீட்டுக்கு வீடு உள்ள கறி. மொசாம்பிக் மக்கள் செய்யும் ‘மத்தாபா’ எமது நாவுக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அவர்களும் எம்மைப்போலத் தேங்காய்ப்பாலில் சமைப்பவர்கள்.

தேவையானவை: இளம் மரவள்ளி இலை அரைக் கிலோ, பச்சைக் கச்சான் கால் கிலோ, தேங்காய் ஒன்று, வெங்காயம் ஒன்று, உள்ளி 5 பல், இறால் அல்லது நண்டு கால் கிலோ, உப்பு.

செய்முறை: இலைக் காம்புகளை நீக்கி, உள்ளியுடன் உரலில் இட்டுப் பசையாகும்வரை நன்றாக இடிக்கவேண்டும். இடித்ததை அகலப் பரப்பி 2 மணித்தியாலம் விட்டு, நீரில் அலசிப் பிழியுங்கள். பின்னர் நிறைய நீர் விட்டு, மூடாமல், ஒரு மணித்தியாலமாவது கொதிக்கவிட்டு நீரை வடியுங்கள். கச்சானை மாவாக இடித்துத் தேங்காய்ப்பாலில் கரைத்து, வெங்காயத்துடன் சேர்த்துக் கிளறியபடி காய்ச்சுங்கள். அது தடிக்கும்போது இலையையும் இறாலையும் இட்டு, உப்புச் சேர்த்து, எண்ணெய் மிதக்கும்வரை மெல்லிய நெருப்பில் வையுங்கள். சோற்றுடனும் உண்ணலாம், அவித்த கிழங்குடனும் உண்ணலாம். இறாலுக்கு வசதியில்லாதவர்கள் நெத்தலிக் கருவாடு சேர்க்கலாம். கச்சானே போதிய புரதம் தரும்.

இலையை முழுதாகப் போட்டு அவிப்பதிலும், இடித்து அவிப்பதிலும் பெரிய வேறுபாடு உண்டு. இடிக்கும்போதுதான் நஞ்சு வெளியேற வழி பிறக்கின்றது. உலக்கை போடும் வேலையை விட்டுவிட்டு இச்செய்முறையைச் சுருக்கலாகாது.

ஜாவா: இனிப்பும் புளிப்பும்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மரவள்ளி இனிப்புப் பண்டமாகவும் மதிக்கப்படுகின்றது. ‘கெதுக்’ என்பது அங்கே சந்தைகளில் விற்கப்படும் காலை உணவு. ஒரு கிலோ கிழங்கைத் தோல் உரித்துத் துண்டாக்கி மெதுமையாகும்வரை அவித்து, நீரை வடித்து, நடுத் தும்பை அகற்றிவிடவேண்டும். சூட்டோடு உரலில் இட்டு, 200 கிராம் பனங்கட்டியும் சிறிது உப்பும் சேர்த்து இடித்துத் திரட்டி, துண்டுகளாக வெட்டுங்கள். உப்புத் தூவி ஆவியில் அவித்த தேங்காய்ப்பூவை மேலே இட்டுப் பரிமாறுங்கள். எமது பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் இதற்கு மிகவும் ஏற்றவை. பாலர் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு வழங்கக்கூடிய நல்ல சிற்றுண்டி இது.

அவித்த கிழங்கில் நொதிக்கட்டியைப் பொடித்துத் தூவி, வாழையிலையில் சுற்றி 2, 3 நாட்கள் வைத்தால் இனிப்பும் புளிப்பும் கலந்த ‘தாப்பே’ கிடைக்கின்றது. ஜாவாவின் வறண்ட மலைப்பகுதியான குனுங் கிடுலில், வெயிலில் காயவைத்த கிழங்கை மாவாக்கி ஆவியில் அவித்த ‘திவுல்’ நீண்ட காலமாகச் சோற்றுக்குப் பதிலாக உண்ணப்பட்டது. ஒரு காலத்தில் வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்ட திவுலை இன்று அங்கு வரும் உல்லாசப் பயணிகள் தேடி வாங்குகின்றார்கள்.

முறை தவறிய இடங்களில் நடந்தது

இனி, இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட துன்பமான பக்கத்துக்கு வருவோம்.

1981ஆம் ஆண்டு மொசாம்பிக்கின் வடக்கே நம்புலா மாகாணத்தில் கடும் வரட்சி ஏற்பட்டது. அவரையும் தானியமும் கருகிவிட, கசப்பு மரவள்ளி மட்டுமே எஞ்சியது. வரட்சியில் வளர்ந்த கிழங்கில் நஞ்சு மேலும் கூடியிருந்தது. வழக்கமாக உரித்த கிழங்கை வாரக்கணக்கில் காயவைத்தே மாவாக்குவார்கள். பசி அதற்கு இடம் கொடுக்கவில்லை. சில நாட்களிலேயே இடித்து உண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் கால்கள் திடீரென விறைத்துச் செயலிழந்தன. அவர்களிற் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளுமே. இந்நோய் வந்தால் மாறாது. கொங்கோவில் 1930களிலேயே அறியப்பட்டிருந்த இதற்கு அங்குள்ள யாக்கா மொழியில் ‘கொன்சோ’ என்று பெயர். ‘கட்டப்பட்ட கால்கள்’ என்பது பொருள்.

மொசாம்பிக் பெண்களுக்குச் சரியான முறை தெரியாமல் இல்லை. அதைக் கடைப்பிடிக்க வேண்டிய காலத்தைப் பஞ்சம் அவர்களிடமிருந்து பறித்தது. இன்னொரு காரணமும் உண்டு. உடலில் சேரும் சிறிதளவு சயனைட்டை எமது உடலே தீங்கு குறைந்த பொருளாக மாற்றிச் சிறுநீருடன் வெளியேற்றும். அதற்கு மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவுகளில் உள்ள கந்தகச் சத்துத் தேவை. வெறும் மரவள்ளியை மட்டும் உண்பவரிடம் அந்தச் சத்து இருப்பதில்லை. ஆகவே மிக வறியவர்களே மிகவும் பாதிக்கப்படுகின்றார்கள்.

2016, 2017ஆம் ஆண்டுகளில் வெனிசுவேலாவில் உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது, கசப்பு மரவள்ளியை இனிப்பு வகையென எண்ணி அவித்து உண்ட பலர் உயிரிழந்தார்கள். கசாபே றொட்டி செய்யத் தெரிந்த நாடு அது! ஆனால் அந்த அறிவு ஆதிக்குடிகளின் கிராமங்களில் இருந்தது. பசித்த நகரத்தவரிடம் இருக்கவில்லை. 2017 செப்டெம்பரில் உகண்டாவின் கசேசே மாவட்டத்தில் நச்சுத்தன்மை நீங்காத மரவள்ளி மாவை உண்ட 98 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள்.

ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. அவுஸ்திரேலிய விஞ்ஞானியான ஹவார்ட் பிராட்பரி ஓர் எளிய முறையைக் கண்டறிந்தார். மரவள்ளி மாவை ஒரு பாத்திரத்தில் இட்டு அதன் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நீர் விட்டுக் கலக்கவேண்டும். மா முதலில் இறங்கும். மட்டம் மீண்டும் பழைய குறிக்கு வரும்வரை நீர் சேர்க்கவேண்டும். ஈரமாவைப் பாயில் ஒரு சென்றிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில் பரப்பி, வெயிலில் 2 மணித்தியாலம் அல்லது நிழலில் 5 மணித்தியாலம் விட்டால், மாவில் எஞ்சியிருந்த நஞ்சு காற்றோடு போய்விடும். அன்றே சமைத்துவிடவேண்டும். பணமோ இயந்திரமோ தேவையில்லை. கொங்கோவின் போபோகபாகா பகுதிக் கிராமங்களில் 2010க்குப் பின் பெண்களுக்கு இம்முறை கற்பிக்கப்பட்டது. கடைப்பிடித்த கிராமங்களில் புதிதாகக் கொன்சோ நோய் தோன்றவில்லை. பாரம்பரிய அறிவும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

எமது அடுப்படியில்

எமது நாட்டில் உணவுக்காகப் பயிரிடப்படும் மரவள்ளி பெரும்பாலும் நஞ்சு குறைந்த வகைகளே. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கவனம் வேண்டும். பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது:

1. கிழங்கைக் கிண்டிய அன்றே சமையுங்கள். நீலமோ கறுப்போ ஓடிய கிழங்கையும், வழக்கத்துக்கு மாறாகக் கசக்கும் கிழங்கையும் உண்ண வேண்டாம்.

2. தோலில் நஞ்சு சதையைவிடப் பல மடங்கு அதிகம். வெளித்தோலுடன் உட்புறத் தடித்த தோலையும் முற்றாக நீக்குங்கள்.

3. சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய நீரில், பாத்திரத்தை மூடாமல் அவியுங்கள். அவித்த நீரை ஊற்றிவிடுங்கள். கறியாக்குவதாயினும், கூழுக்கு இடுவதாயினும் முதலில் ஒருமுறை அவித்து நீரை வடிப்பது பாதுகாப்பானது.

4. வெறும் கிழங்குடன் நிறுத்தாமல் மீன், கருவாடு, பருப்பு, முட்டை, கச்சான் ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்து உண்ணுங்கள். கட்டுச்சம்பலில் மாசி இடுவது சுவைக்கு மட்டுமல்ல, உடலுக்கும் நல்லது.

5. மரவள்ளியை அடிக்கடி உண்பவர்கள் அயடீன் சேர்த்த உப்பையே பாவியுங்கள். அயடீன் குறைந்தவர்களுக்குக் கழலை நோய் வருவதை மரவள்ளி கூட்டக்கூடும்.

6. ஆடு மாடுகளுக்குப் பச்சை இலையையும் பச்சைத் தோலையும் போடாதீர்கள். சிறிதாக நறுக்கி, நன்றாக வெயிலில் காயவைத்தே கொடுக்கவேண்டும்.

மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என்று எமது மூத்தவர்கள் சொல்வார்கள். அவர்களுடைய சொல்லை மதித்து நடப்பதால் நட்டமில்லை. ஆனால் இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் மற்றவற்றைக் கைவிடுவது ஆபத்தானது. நஞ்சை நீக்குவது தோல் உரித்தலும், நிறைய நீரில் அவித்து வடித்தலுமே.

இத்தகைய அறிவு எமக்குப் புதியதல்ல. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை ஊற்றி, அதன் பின்னரே கூழ் காய்ச்சும் யாழ்ப்பாணத்துப் பெண்களும், திபிதியில் மரவள்ளி பிழியும் அமேசன் பெண்களும் ஒரே கலையின் இரு கிளைகளைச் சேர்ந்தவர்களே. ஆயினும் இன்றைய இளையவர்களிடம், ஒடியல் மாவை ஏன் ஊறவிட வேண்டும் என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? விருந்தினருக்கு மரவள்ளி அவித்துக் கொடுப்பதையே வெட்கமாகக் கருதும் வீடுகளும் உண்டு. நாம் வெட்கப்பட்டு ஒதுக்கும் உணவின் செய்முறை ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். நெருக்கடி மீண்டும் வரும்போது கிழங்கு வேலியோரத்தில் நிற்கும். அதைக் கையாளத் தெரிந்த கை வீட்டில் இருக்காது.

எனவே, மாதர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி மரவள்ளிச் சமையல் நாள் ஒன்றை நடத்தலாம். மத்தாபாவும் கெதுக்கும் செய்து பார்க்கலாம்; காரி வறுத்துத் தகரத்தில் சேமிக்கலாம். அதே நாளில் ஊரின் மூத்த தாய்மார்களை அழைத்து, அவர்கள் அறிந்த முறைகளைக் காரணங்களுடன் சொல்லச் செய்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ‘அவித்து நீரை வடிக்கவும்’ என்று மட்டும் எழுதாமல், ஏன் வடிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். காரணம் தெரிந்தவர் அவசரத்திலும் அந்தப் படியை விடமாட்டார்.

குழுக்களில் கலந்துரையாடுவதற்கு:

1. எமது ஊரில் மரவள்ளி, பனங்கிழங்கு, காட்டுக்கிழங்கு ஆகியவற்றைச் சமைக்கும் முறைகளில் எவை மறைந்து வருகின்றன? அவற்றை அறிந்தவர்கள் யார்?

2. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எமது குடும்பங்கள் எவற்றை உண்டன? எந்த அறிவு எமக்குக் கைகொடுத்தது? எது இல்லாமல் இருந்தது?

3. எமது பாலர் பாடசாலைகளில் வாரத்தில் ஒருநாள் கிழங்கு உணவு வழங்க எவ்வாறு ஒழுங்கு செய்யலாம்? அதனுடன் எந்தப் புரத உணவைச் சேர்க்கலாம்?